முதல் வரி

வெலென்யே. நிலக்கரி தோண்டிய பள்ளத்தில்
தண்ணீர் நின்று ஏரியான ஊர்.
கரையில் எட்டு செம்மண் ஆடுகளங்கள்.
ஆட்டக்காரிகளின் மட்டைக்கு நரம்பு கட்டுவது என் வேலை.
மதுக்கடை மூலையில் என் இயந்திரம்.
குலுக்கலும் அங்கேதான்.

நடுவர் ஸ்தென்கா, மற்ற மாதங்களில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்,
பீர் ஈரம் இல்லாத மேசையாகப் பார்த்து
முப்பத்திரண்டு வரித் தாளை விரித்தார்.
முதல் இரண்டு பேருக்குக் குலுக்கல் கிடையாது.
ஒன்றாம் இடத்தவளுக்கு முதல் வரி,
இரண்டாம் இடத்தவளுக்குக் கடைசி வரி;
ஞாயிற்றுக்கிழமை வரை
இருவருக்கும் இடையே ஒரு தாள் நீளம்.
மூன்றும் நான்கும் குவளைக்குள்.
கடைக்காரர் மகன் கைவிட்டு எடுத்தான்:
முதலில் வந்தவள் ஒன்பதில், அடுத்தவள் இருபத்து நான்கில்.
அப்புறம் நால்வர்,
எட்டு, பதினாறு, பதினேழு, இருபத்தைந்து.

நண்டு ஓட நெல், நரி ஓட கரும்பு,
வண்டி ஓட வாழை, தேர் ஓட தென்னை.
இங்கே எட்டுப் பேரை எட்ட எட்ட நட்டு
இடைவெளியில் ஓட விட்டிருப்பது
மீதி இருபத்து நான்கு பேரை.

ஆங்கிலக்காரன் இதற்கு விதை என்கிறான்.
எங்கள் ஸ்லோவேனிய மொழியில்
அவளுக்குச் சுமப்பவள் என்று பெயர்.
எதைச் சுமக்கிறாள் என்று சொல்வதில்லை.

இரண்டாம் வரிக்குக் கை நுழைந்தபோது
எல்லோரும் குவளையையே பார்த்தார்கள்.
வந்தது தின்காரா. உள்ளூர்க்காரி, பதினேழு வயது,
சிறப்பு அனுமதியில் நுழைந்தவள்.
ஒருவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை,
இழவு வீட்டில் தண்ணீர் கொடுப்பது போல ஒன்று.
அவள் என்னிடம் வந்து
இருபத்தொரு கிலோ இழுவை என்றாள்.
தளர்வு. பந்தைத் திருப்பி அனுப்ப மட்டும் போதும்.
ஒன்றாம் இடத்தவளிடம் தோற்பது எப்படி என்று
இரண்டு நாள் பழகினாள்;
அழகாகத் தோற்கக்கூட உழைப்பு வேண்டும்.

செவ்வாய் காலை ஒன்பதேமுக்காலுக்கு
மணிக்கட்டு வலி என்று சுமப்பவள் விலகினாள்.
அன்றைய ஆட்ட அட்டவணை சுவரில் ஒட்டியாயிற்று.
இனி யாரையும் நகர்த்த முடியாது.
தகுதிச் சுற்றில் நேற்றுத் தோற்று
இன்று பத்து மணிக்குள் கையெழுத்திட்ட ஒருத்திக்கு
அந்த வரி போகும்.
ருகிலே, லிதுவேனியாக்காரி.
இரவுப் பேருந்துக்குச் சீட்டு வாங்கி
காலுறைகளைத் துவைத்துப் பைக்குள் ஈரமாகவே திணித்திருந்தவள்.

ஸ்தென்கா அடிக்கோல் வைத்து
பழைய பெயரை அடித்தார்.
பக்கத்தில் இருந்த ஒன்று என்ற எண்ணையும் அடித்தார்.
எண் கைமாறாது. இடம் மட்டும் மாறும்:
காலிறுதி வரை
பெரிய மரம் எதுவும் குறுக்கே நிற்காத இடம்.
யாருக்காகவோ பெருக்கிய தெரு.

பத்தரைக்கு தின்காரா திரும்பி வந்தாள்.
முகம் வெளுத்திருந்தது.
"அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இருபத்து நான்கு."
பயமா என்று கேட்டேன்.
"நேற்று இல்லை" என்றாள்.

எண் இல்லாத இருவர்
மூன்று மணி நேரம் ஆடினார்கள்.
கை தட்ட வந்தவர்கள்
நகம் கடித்துக்கொண்டு நின்றார்கள்.
மூன்றாம் செட் ஏழு ஐந்து, தின்காரா.
வலைக்கு மேலே கை நீட்டியபோது
ருகிலேதான் முதலில் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

தின்காரா வியாழனன்று தோற்றாள், நாற்பது நிமிடத்தில்.
ஞாயிறு இறுதியாட்டம்
பதின்மூன்றாம் வரிக்கும் இருபத்து நான்காம் வரிக்கும்,
தூறலில், ஐம்பது பேர் முன்னால்.
தாளின் இரு முனைகளும் வேறெங்கோ இருந்தன.

செவ்வாய் மாலை ஆறரைக்கு
ருகிலே தன் மட்டைகளை வாங்க வந்தாள்.
பையின் பக்கவாட்டில் சீட்டைத் தேடி எடுத்து
நேரத்தைப் பார்த்தாள்.
ஒன்பது மணிப் பேருந்து.
இன்னும் செல்லும்.